வீட்டுக்கெல்லாம் ஒரே மெயில்

கடலூர் செம்மண்டலத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே ஒரு மெயில் ஐடிதான் இருந்தது. என் மாமனார் பெயரில். நாத்தனாரின் கல்லூரி கவுன்சிலிங்குக்காகப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் யாரோ ஆரம்பித்துக் கொடுத்தது. அதற்கப்புறம் கேஸ், கரண்ட் பில், பாஸ்போர்ட், பேங்க், கல்யாணத் தகவல் மையம் என்று கேட்ட இடத்திலெல்லாம் அதையே கொடுத்துவிட்டார்கள். என் ஜாதகமே முதலில் அந்த மெயிலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு மருமகளாவதற்கு முன்பே நான் அந்த இன்பாக்ஸுக்கு மருமகளாகிவிட்டேன்.

மாமா சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே வருகிற தபாலையெல்லாம் அவர்தான் பிரிப்பாராம். பிரித்து, படித்து, தேதி முத்திரை குத்திய பிறகுதான் யாருடைய கடிதமும் அவரவர் மேஜைக்குப் போகுமாம். இதை அவர் சொல்லும்போது முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டும். அடுத்தவர் கடிதத்தைப் படித்தே சம்பளம் வாங்கிய மனிதர், ஓய்வு பெற்றதும் படிக்க ஒன்றுமில்லாமல் தவித்துப் போனார். வீட்டு மெயில் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது.

எனக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டேன். கல்லூரிக் காலத்தில் வைத்திருந்த மெயில், பழைய போன் நம்பரோடு போய்விட்டது. மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"தனி மெயிலா? இன்னிக்குத் தனி மெயிலு கேப்ப, நாளைக்குத் தனி அடுப்பு கேப்ப. ஒரு வீட்டுல எதுக்கும்மா ரெண்டு மெயிலு?"

அத்தை சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். பிறகு அறைக்குள் வந்து, "அவரு அப்படித்தான், நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத" என்றார். அந்த வீட்டில் எனக்காக இரண்டு வார்த்தை பேசுகிற ஒரே ஆள் அவர்தான் என்று நான் நம்பினேன். ரகசியமாக ஒன்று ஆரம்பித்திருக்கலாம்தான். கண்டுபிடித்தால் ‘எதை ஒளிக்கிற?’ என்று ஆரம்பிப்பார்கள், அதற்குப் பதில் சொல்லி மாளாது. வீட்டு மெயிலை என் போனில் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதுவே பெரிய சலுகை என்று இருந்துவிட்டேன்.

நான் நூலக அறிவியலில் முதுகலை. படித்ததெல்லாம் சிதம்பரத்தில்தான், என் அம்மா வீடும் அங்கேதான். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பட்டம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி உதவி நூலகர் வேலைக்கு விளம்பரம் செய்தபோது எனக்குக் கைகால் பரபரத்தது. கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். அந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்து எப்போது, எந்த ஊரில் என்று சொல்ல முடியாது. நூலகருக்கான விளம்பரம் நம் பக்கம் அடிக்கடி வருவதில்லை. விண்ணப்பத்தை நானே எழுதி, சான்றிதழ் நகலெல்லாம் வைத்து ஒட்டினேன். கொரியரில் கொண்டுபோய்ப் போட்டது என் வீட்டுக்காரர். "கெடைச்சா நல்லதுதான்" என்றார். நேர்காணலுக்கு அழைப்பு மெயிலில் வரும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. மெயில் என்றால் மாமாவின் மெயில். வேறு எதைக் கொடுப்பது?

தினமும் காலையில் போனை எடுத்துப் பார்ப்பேன். கேஸ் சிலிண்டர் வந்திருக்கும், பேங்க் வந்திருக்கும், பண்ருட்டி நாத்தனார் குழந்தையின் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபீஸ் கட்டச் சொல்லி வந்திருக்கும். நான் தேடியது வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமாவோடு காலையில் நடக்கப் போகிற ஓய்வுபெற்ற கூட்டத்தில் யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பிரவுசரைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, போனுக்கு வரும் நம்பரைப் போட்டு மெயில் பார்க்கவேண்டிய அவசியமே இல்லையாம். கம்ப்யூட்டரிலேயே அதற்கென்று ஒரு புரோகிராம் இருக்கிறதாம். அதில் ஒருமுறை நம் மெயிலைச் சேர்த்துவிட்டால், கம்ப்யூட்டரைப் போட்டதும் மெயிலெல்லாம் தானாக வந்து கொட்டுமாம். மாமாவுக்கு இது தேனாக இனித்தது. மெயில் என்பது எங்கோ வெளியூரில் கிடக்கிறது, நாம் போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்பதே அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

"நான் போட்டுத் தர்றேன் மாமா, அரை மணி நேர வேலை" என்றேன்.

"இரும்மா. ஞாயித்துக்கெழம மாப்பிள்ள வர்றாரு."

மாப்பிள்ளை என்றால் நாத்தனாரின் கணவர். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். லாரியில் ஏற்றும் சரக்குக்கு பில்லை அவரே கம்ப்யூட்டரில் அடிப்பார் என்பதால், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அந்தக் குடும்பத்தில் அவர்தான் டாக்டர். நான் பட்டம் வாங்கியபோது படித்த பாடங்களில் பாதி கம்ப்யூட்டர்தான். அது யாருக்கும் நினைவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளைக்கு வேலை கொடுப்பது மரியாதை, மருமகளிடம் வேலை கேட்பது அவமானம்.

ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு என்று விருந்து முடிந்து, ராகு காலம் தொடங்குவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று மாமா அவசரப்படுத்தினார். மானிட்டருக்குக் குங்குமம் வைத்தது அத்தை. மெயில் புரோகிராமுக்குக் குங்குமம் வைத்த வீடு கடலூர் மாவட்டத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையை, வயதில் மூத்தவர் என்பதால், அப்படித்தான் நான் கூப்பிடுவேன். புரோகிராம் பெயரைக் கேட்டது, போட்டார். மெயில் ஐடியைக் கேட்டது, போட்டார். பாஸ்வேர்டு கேட்டது. அது எங்கள் குலதெய்வத்தின் பெயர், பின்னால் வீட்டு நம்பர். குடும்பத்தில் நாத்தனார் குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். போட்டார். தவறு என்றது. திரும்பப் போட்டார், இந்த முறை விசைகளை ஓங்கிக் குத்தி. அதற்கும் தவறு என்றது. ஓங்கிக் குத்தினால் பாஸ்வேர்டு சரியாகிவிடும் என்று நினைக்கிறவரிடம் என்ன சொல்வது? அதற்குள் அந்த மெயில் இருக்கும் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தது. யாரோ உங்கள் கணக்கில் நுழையப் பார்க்கிறார்கள் என்று எச்சரிக்கை.

"மாப்பிள்ள, எவனோ நம்ம மெயிலுக்குள்ள பூந்துடப் பாக்குறான்!" என்று மாமா அலறினார்.

"எவனும் இல்ல மாமா. அண்ணன்தான்" என்றேன் நான், அடுக்களை வாசலில் காப்பி டம்ளரோடு நின்றபடி.

இந்த மாதிரி புரோகிராமுக்கு வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது, மெயிலின் செட்டிங்குக்குள் போய் இதற்கென்று தனியாக ஒரு நீளப் பாஸ்வேர்டு எடுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னேன். அண்ணன் காதில் வாங்காதவர் போலக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருங்க மாமா, எனக்கு ஒரு ஐடியா தோணுது" என்று ஆரம்பித்து, நான் சொன்னதை அப்படியே செய்தார். "பாத்தியா மூளைய!" என்றார் மாமா. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது கடைசிக் கேள்வியில் நின்றிருந்தார்கள். மெயிலை எப்படிக் கொண்டுவருவது என்று புரோகிராம் கேட்டது. அதில் இரண்டு வழி. ஒன்று, மெயில் இருக்கும் இடத்திலேயே இருக்கும், கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரே மாதிரி தெரியும். இன்னொன்று, எல்லாவற்றையும் இந்தக் கம்ப்யூட்டருக்குள் இழுத்துக்கொண்டு, வெளியே இருப்பதைத் துடைத்துவிடும். அண்ணன் இரண்டாவதில் அம்பை வைத்தார்.

"அண்ணே, அதுல போட்டா எங்க போன்லலாம் எதுவும் வராதுண்ணே."

"போன்ல எதுக்கும்மா? அதான் பொட்டியிலயே வருதே."

"அதான் கரெக்டு" என்றார் மாமா. "நம்ம வீட்டு மெயிலு எதுக்கு ஊர்ல கெடக்கணும்? எல்லாம் நம்ம பொட்டிக்கு வந்துடட்டும்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும், நான் எந்த மெயிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று. "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர், பல் குத்திக்கொண்டே. அண்ணன் அழுத்தினார். இத்தனை வருஷத்து மெயிலும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் இறங்கியது. என் போனில் இன்பாக்ஸ் மேலிருந்து கீழ்வரை காலியானது.

அன்றிலிருந்து கூடத்தில் ஒரு தபால் ஆபீஸ் நடந்தது. மாமா காலையில் நடந்துவிட்டு வந்து, குளித்து, திருநீறு பூசி, கம்ப்யூட்டரைப் போடுவார். ராத்திரி படுக்கும்வரை அதை அணைக்க விடமாட்டார். ஒவ்வொரு மெயிலாகச் சத்தம் போட்டுப் படிப்பார். நாத்தனாருக்கு வந்த மகப்பேறு பரிசோதனை முடிவையும் அப்படித்தான் படித்தார். புடவைக் கடைத் தள்ளுபடியைக்கூட விடமாட்டார். பதில் போடுவது மட்டும் அவருக்கு வராது. அதற்குச் சாயந்திரம் மகன் வரவேண்டும். அவர் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன் ரிப்போர்ட்டை அடிப்பார், அப்பா சொல்கிற பதில்களையும் அடிப்பார்.

தினமும் நான் கேட்பேன். "மாமா, சிதம்பரத்துலேருந்து ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்தா சொல்ல மாட்டனா? என்னம்மா அவசரம் ஒனக்கு?"

என் வேலைக்கான அழைப்பை, ஒரு மனிதர் குளித்து முடித்து வந்து படித்துச் சொல்வதற்காக நான் அடுக்களையில் காத்துக் கிடந்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் ரேஷன் கடையில் ஆதார் நகல் கேட்டார்கள். முன்பு ஜெராக்ஸ் கடைக்கு என் போனிலிருந்து அதை மெயில் செய்திருந்தேன். இன்பாக்ஸ்தான் காலி, அனுப்பியவற்றில் இருக்கும் என்று திறந்தேன். அந்தப் புரோகிராம் வருகிற மெயிலைத்தான் உறிஞ்சிக்கொள்ளும். போகிற மெயில் பழைய வழியில்தான் வெளியே போகவேண்டும், போகும்போது அங்கே ஒரு நகல் தங்கிவிடும். பண்ருட்டி டாக்டருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆதாருக்கு மேலே, எல்லாவற்றுக்கும் மேலே, நான் விண்ணப்பித்த கல்லூரிக்கு ஒரு பதில் போயிருந்தது.

ஆங்கிலத்தில் நான்கே வரி. அழைத்ததற்கு நன்றி, குடும்பச் சூழ்நிலையால் நேர்காணலுக்கு வர இயலவில்லை, வேறொருவருக்கு வாய்ப்பளிக்கலாம், சிரமத்துக்கு மன்னிக்கவும். கீழே என் பெயர். அதற்கும் கீழே, எந்த மெயிலுக்குப் பதிலோ அந்த மெயில் ஒட்டிக்கொண்டு இருந்தது. எனக்கு வந்த அழைப்பு. நேர்காணல் மறுநாள் காலையில்.

ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே மாமாவைத் திட்டினேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டே. முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார். தபாலைப் பிரித்துப் படித்தவர், இப்போது அடுத்தவர் பெயரில் பதில் எழுதும் அளவுக்குப் பதவி உயர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவோடு சண்டைக்குப் போவார், பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார் என்று அவர்மேல் இரக்கப்பட்டேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டு, சான்றிதழ்களைப் புடவைக்கடைப் பையில் போட்டுக்கொண்டு, காலையில் சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வண்டி நின்று நின்று போனது. கொஞ்சம் வேகமாகப் போங்களேன் என்று கண்டக்டரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கல்லூரி அலுவலகத்தில் ஒரு கிளார்க் அம்மாள். கோபமான முகம். நான் பெயரைச் சொன்னதும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்கதானா அது? வரலன்னு மெயிலு போட்டுட்டு இப்ப வந்து நிக்கிறீங்க?"

"அது நான் போடல மேடம். வீட்டுல போட்டுட்டாங்க."

"தெரியும். அப்ளிகேஷன்ல ஒரு இனிஷியலு, மெயில்ல ஒரு இனிஷியலு. யாரு எழுதினதுன்னே தெரியாம நான் பாட்டுக்குப் பேரை அடிச்சிட்டா, நாளைக்கு நீங்க வந்து கேட்டா யாரு மாட்டுறது? நாந்தான?"

அப்படித்தான் என் பெயர் பட்டியலில் நின்றது. என்மேல் இரக்கப்பட்டு இல்லை, தன் தலை தப்ப வேண்டும் என்று அவர் அடிக்காமல் விட்டதால். நான் போனை எடுத்து மெயிலின் அடிப்பகுதியைப் பார்த்தேன். என் சான்றிதழ்களில் எல்லாம் என் அப்பாவின் இனிஷியல். மெயிலில் என் பெயருக்கு முன்னால் இருந்தது புருஷன் இனிஷியல். கோபத்தில் முந்தின நாள் அதை நான் கவனிக்கவே இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடும்வரை இருந்த நேரத்தில், என் பெயரில், என் அப்பா இனிஷியலில் ஒரு மெயில் ஆரம்பித்து அதை அந்த அம்மாளிடம் எழுதிக் கொடுத்தேன். நேர்காணலில் நன்றாகவே பேசினேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர், "தினம் கடலூர்லேருந்து வந்து போக வீட்டுல விடுவாங்களாம்மா?" என்று கேட்டார். "விடுவாங்க சார்" என்று சொன்னேன். நூலகத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சாயந்திரம் திரும்பும்போது பஸ்ஸில் ஒன்று உறுத்தியது. மாமாவுக்கு என் இனிஷியல் தெரியும். கல்யாணமானதும் என் சான்றிதழ்களையெல்லாம் வாங்கிச் சரிபார்த்து, நகல் எடுத்து, ஃபைலில் கோத்து வைத்திருப்பவர் அவர். ரேஷன் கார்டில் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து திருத்தியதும் அவர்தான். அப்படிப்பட்ட ஆள் இதில் தவற மாட்டார். அதற்குமேல் யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் எல்லோரும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கேட்டேன்.

"மாமா, சிதம்பரத்துலேருந்து எனக்கு மெயில் வந்துச்சா, இல்லையா?"

"இல்லன்னு எத்தன தடவ சொல்றது?"

போனை அவர் முன்னால் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மேலிருந்து கீழ்வரை, தன் வழக்கப்படி சத்தமாகவே படித்தார். முடித்ததும் அவர் முகம் சிவந்தது.

"எனக்குத் தெரியாம நம்ம பொட்டிக்கு மெயிலு வந்து, பதிலும் போயிருக்கா?"

அவருக்கு அடிபட்ட இடம் அதுதான். என் வேலை போயிருக்கும் என்பது இல்லை. முத்திரை குத்தாமல் ஒரு தபால் தாண்டிப் போய்விட்டது.

"நீங்கதான போட்டீங்க மாமா?"

"நானா? எனக்கு ரிப்ளை போடத் தெரியுமா? எது வேணும்னாலும் இவந்தான போடுவான்" என்றவர் அப்படியே நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"தெனம் பஸ்ல இடிபட்டுப் போயிட்டு வரணும். ஒனக்குத்தான் கஷ்டம்னு பாத்தேன்" என்றார். பிறகு, "கெடைக்கலன்னா வருத்தப்படுவ" என்று சேர்த்துக்கொண்டார். இரண்டு காரணத்தில் எது என்று அவரே முடிவு செய்யவில்லை. அழைப்பு சாயந்திரம் வந்திருக்கிறது. தன் ரிப்போர்ட்டுக்கு நடுவே பார்த்து, பதில் போட்டு, வந்ததை அழித்துவிட்டு, சாப்பிட வந்து உட்கார்ந்திருக்கிறார். அன்று என்ன குழம்பு வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார், எப்போதும் சொல்வார்.

வேலை கிடைத்தது. உத்தரவு என்னுடைய மெயிலுக்கு வந்தது. கூடத்தில் சொன்னேன். மாமா, "சரி, அந்த மெயிலையும் நம்ம பொட்டியில சேத்துடும்மா. மாப்பிள்ளய வரச் சொல்றேன்" என்றார். "முடியாது மாமா" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அதுவும் நல்லதற்குத்தான்.

இப்போது தினமும் போய் வருகிறேன். மாமாவை எனக்கு முன்பும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. ஆனால் அவர் என்னைத் தடுக்க நினைத்திருந்தால் கூடத்தில் நின்று ஊரே கேட்கக் கத்தியிருப்பார், நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் மகன் சத்தமே போடாத மனிதர். எல்லோரும் தங்கமானவர் என்பார்கள். என் பட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே என் பெயரில் உட்கார்ந்து எழுதினார்.

அந்த மெயிலை நான் அழிக்கவில்லை. எப்போதாவது பஸ்ஸில் உட்கார்ந்து எடுத்துப் படிப்பேன். முகம் தெரியாத ஒரு கல்லூரி முதல்வரிடம், சிரமம் கொடுத்ததற்காக அவ்வளவு பணிவாக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். என்னிடம் இதுவரை கேட்கவில்லை.